ஆத்துமாக்கள் பட்டியலில் என் பெயர்

இறந்தவர்கள் பட்டியலில் என் பெயரை வாசித்தபோது நான் கல்லறைத் தோட்டத்தில்தான் இருந்தேன். உயிரோடு, புதுச் சட்டை போட்டுக்கொண்டு, செருப்பு கடித்த இடம் எரிய எரிய நின்றுகொண்டிருந்தேன்.

நவம்பர் மாதம், கல்லறைத் திருநாள். மழை அப்போதுதான் விட்டிருந்தது. சுண்ணாம்பு காயாத சிலுவைகள், சாமந்தி மாலை, மெழுகுவர்த்திப் புகை, இவை எல்லாவற்றுக்கும் மேலே காசிமேட்டுப் பக்கமிருந்து வரும் கருவாட்டு வாசனை. காலைப் பூசை முடிந்து சாமியார் பட்டியலை வாசித்துக்கொண்டிருந்தார். ராயபுரத்தில் அது நீளமான பட்டியல். அவரவர் வீட்டில் இறந்தவர்களின் பெயரைச் சீட்டில் எழுதிக் கோயிலில் இருக்கும் மரப்பெட்டியில் போடுவார்கள். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை அதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைப்பார். சாமியார் வாசிக்க வாசிக்க, அந்தந்த வீட்டார் சிலுவை போட்டுக்கொள்வார்கள்.

"கப்பல்காரர் லாசர்."

அது என் அப்பா. நான் சிலுவை போட்டுக்கொண்டேன். பக்கத்தில் அம்மாவும் போட்டுக்கொண்டாள்.

"படைவீரர் சூசைராஜ்."

ஏழு வருஷம் பட்டாளத்தில் காலையும் மாலையும் பெயர் கூப்பிட்டே என்னைப் பழக்கி வைத்திருந்தார்கள். மூளை யோசிப்பதற்குள் குதிகால் இரண்டும் ஒட்டிக்கொண்டன, நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

"ஹாஜிர் சாப்!"

வந்திருக்கிறேன் ஐயா என்று அர்த்தம். பரேடு மைதானத்துக்குப் போதுமான குரலில் கத்தியிருக்கிறேன். சுவரில் உட்கார்ந்திருந்த காக்கைகள் எல்லாம் எழும்பிவிட்டன.

பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். "தோ, கீறேன்னு சொல்றாம்பா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அந்தச் சிரிப்புச் சத்தத்தில் அடுத்த பெயர் என் காதில் விழவில்லை. விழுந்திருந்தால் என் விசாரணை அங்கேயே முடிந்திருக்கும்.

சிரிக்காதவர்களும் இருந்தார்கள். அம்மா குனிந்து அப்பாவின் சிலுவையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொருவர் ஆரோக்கியம், ராயபுரம் ஷெட்டில் இன்ஜினுக்குக் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன். அவர் மகள் பிலோமினாவை எனக்குப் பேசி முடித்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. பொங்கல் கழிந்து கல்யாணம் என்று ஏற்பாடு.

வாசலில் என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"இன்னா தம்பி இது? செத்தவங்க லிஸ்ட்ல கீற மாப்ளைக்கா எம் பொண்ண குடுக்கறது? எவனோ ஆவாதவன் செஞ்ச வேல இது. கை யாருதுன்னு தெரிஞ்சாவணும். அதுவரிக்கும் கல்யாணப் பேச்சே வாணாம்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு வியாதி உண்டு. எதைக் கண்டாலும் அது எங்கிருந்து வருகிறது என்று பார்த்தாக வேண்டும். கல்யாணம் நின்றுவிடுமோ என்ற கவலை ஒரு பக்கம், என்னைச் சாகடித்த ஆள் யார் என்று தெரிந்துகொள்ளும் ஆசை இன்னொரு பக்கம். உண்மையைச் சொன்னால் ஆசைதான் பெரிதாக இருந்தது.

எத்தனை பேரைச் சுட்டாய்?

போன வாரம் இந்தத் தொடரில் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், "கம்பி இழுத்த கதையையே எழுதுகிறீர்களே, சண்டை போட்டீர்களா இல்லையா?" என்று கேட்டிருக்கிறார். ராயபுரம் டீக்கடையில் கேட்ட அதே கேள்வி. நான் பட்டாளத்தை விட்டு வந்த புதிதில் எனக்கு டீயும் பன்னும் வாங்கித் தந்து, "எத்தினி பேர சுட்ட?" என்பார்கள். "ஒருத்தரையும் இல்லை" என்று சொன்ன பிறகு பன் நின்றுபோனது.

கிழக்கே சண்டை நடந்த அந்தக் குளிர்காலத்தில் நான் டெலிபோன் கம்பி போடுகிறவன். முன்னால் இருக்கும் கம்பெனிக்கும் பின்னால் இருக்கும் அதிகாரிகளுக்கும் நடுவே பேச்சு ஓட வேண்டும். முதுகில் கம்பி உருளையைக் கட்டிக்கொண்டு நெல் வயலிலும் சேற்றிலும் நடந்துகொண்டே கம்பியை விட்டுக்கொண்டு போவோம். சண்டை என்றால் எனக்கு இன்றைக்கும் நினைவுக்கு வருவது வெடிச் சத்தம் இல்லை. அறுத்த நெல் தாளின் வாசனை, ஈரமான காலுறை, காதில் கரகரக்கும் யாரோ ஒருவரின் குரல், இவைதான்.

கம்பி அடிக்கடி செத்துப்போகும். குண்டு விழுந்து அறும், எங்கள் வண்டியே ஏறி அறுக்கும், மாடு இழுத்துக்கொண்டு போகும். அப்போது இரண்டு பேராகப் போவோம். என் ஜோடி முனுசாமி. புழல் ஏரிக்கரைக்காரன். பட்டாளத்தில் ஹிந்தி பேசிப் பேசி நாக்கு வறண்டுபோன எங்களுக்கு, "இன்னாபா" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதே பெரிய விருந்து. அவனிடம் ஒரு கெட்ட பழக்கம். என் முறை வரும்போதெல்லாம், "நீ குந்து, நான் போறேன்" என்பான். சும்மா உட்கார அவனால் முடியாது.

ஒரு நாள் காலை கம்பி செத்தது. என் முறை. என் குதிகாலில் கொப்புளம் உடைந்து காலுறை ஒட்டிக்கொண்டிருந்தது. நான் குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்ப்பதைப் பார்த்தான்.

"நீ குந்து, சூச. நான் பாத்துகினு வர்றேன்."

கம்பியை உள்ளங்கையில் ஓடவிட்டுக்கொண்டு வரப்பில் நடந்தான். இந்தப் பக்கம் அதே கம்பியை நான் பிடித்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் அது என் கையில் ஒரு முறை குதித்தது. பிறகுதான் சத்தம் கேட்டது. வரப்பில் கண்ணிவெடி புதைத்திருந்தார்கள்.

அன்று மாலை ஹவில்தார் பெயர் கூப்பிட்டபோது வாய்ப் பழக்கத்தில் முனுசாமியின் பெயரையும் கூப்பிட்டுவிட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. அவர் நோட்டை மூடிவிட்டு அப்படியே நின்றார். இதை நான் ஒரே ஒருவரிடம்தான் சொன்னேன், என் அம்மாவிடம்.

பூட்டிய பெட்டி

அதற்கு முன்னால் என் முட்டாள்தனம் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

எங்கள் யூனிட் எல்லைப் பக்கம் நகர்ந்தபோது, கூடுதல் சாமானைப் பெட்டியில் வைத்துப் பூட்டி ஸ்டோரில் ஒப்படைக்கச் சொன்னார்கள். ஸ்டோரில் எலி அதிகம். என் தகரப் பெட்டியில் அம்மாவுக்கு வாங்கிய கம்பளிச் சால்வை இருந்தது. அந்தச் சமயம் ஓய்வு பெற்று ஊருக்குப் போகிற ஹவில்தார் ஒருவர், "மெட்ராஸ் வழியாகத்தான் போகிறேன், கொடு" என்றார். கொடுத்தேன். சாவி மட்டும் ஜெபமாலையோடு என் கழுத்திலேயே தங்கிவிட்டது. "அம்மா, நான் சௌக்கியம், பூட்டை உடைத்துக்கொள்ளவும்" என்று விவரமாக ஒரு கடிதம் எழுதி, அதைப் பத்திரமாகப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தேன். சிரியுங்கள், பரவாயில்லை. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது.

ஹவில்தார் வழியில் எங்கெங்கோ இறங்கி ஏறி ராயபுரம் வந்து சேர்ந்தபோது ரேடியோவில் சண்டை தொடங்கிவிட்டது. அம்மா திருவொற்றியூரில் தீப்பெட்டிக் கம்பெனிக்கு வேலைக்குப் போயிருந்தாள். அவருக்கோ தெற்கே போகிற ரயிலுக்கு நேரமாகிவிட்டது. பக்கத்து வீட்டில் பெட்டியை வைத்துவிட்டு ஓடிவிட்டார். அம்மா திரும்பி வந்தபோது பக்கத்து வீட்டார் சொன்னது இது: மிலிட்டரிக்காரர் ஒருத்தர் வந்தார், பெட்டியை வைத்தார், ஒரு வார்த்தை பேசாமல் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

வேறு ஊராக இருந்தால் பிள்ளை சாமான் அனுப்பியிருக்கிறான் என்று சந்தோஷப்பட்டிருப்பார்கள். எங்கள் தெரு அப்படி இல்லை. அங்கே பாதி வீடுகளில் கப்பலுக்குப் போகிற ஆட்கள். கப்பலில் ஒருவன் இறந்தால் உடம்பைக் கடலிலோ ஏதாவது ஒரு துறைமுகத்திலோ விட்டுவிடுவார்கள். அவன் பெட்டி மட்டும் வீட்டுக்கு வரும். ஆள் இல்லாமல் பெட்டி வந்தால் அதற்கு எங்கள் தெருவில் ஒரே ஒரு அர்த்தம்தான். வந்த பெட்டியை வருஷப் பூசை முடிகிறவரை திறக்கவும் மாட்டார்கள்.

என் அப்பா லாசர் கப்பல் இன்ஜினுக்கு எண்ணெய் போடுகிறவர். ஏதோ ஒரு துறைமுகத்தில் காய்ச்சலில் போய்விட்டார். அவர் பெட்டியும் அப்படித்தான் வந்தது. அம்மாவுக்கு அந்தச் சத்தம் தெரியும், தகரப் பெட்டியைச் சிமெண்டுத் தரையில் வைக்கிற சத்தம்.

கோயில்பிள்ளை தாமஸ் அண்ணன் எவ்வளவோ சொல்லியிருக்கிறார். "தந்தி வர்லியே அன்னம்மா, இன்னாத்துக்கு அயுவுற?" என்று கேட்டிருக்கிறார்.

"அவரு போனப்ப மட்டும் தந்தியா வந்துச்சி? பொட்டிதான வந்துச்சி?"

பிறகு என் கடிதம் ஒன்று வந்தது. அதையும் அவள் நம்பவில்லை. ஏனென்றால் அப்பாவின் கடைசிக் கடிதம் அவர் பெட்டி வந்து மூன்று வாரம் கழித்துத்தான் வந்தது. எழுதியவன் போய்விட்டான், எழுத்து மெதுவாக வந்து சேர்கிறது, அவ்வளவுதான்.

ஈஸ்டருக்கு முந்தின தவசு காலத்தில் எனக்கு லீவு கிடைத்தது. பகல் பன்னிரண்டு மணி, ஞாயிற்றுக்கிழமை. கதவு திறந்திருந்தது. அறை மூலையில் என் பெட்டி. அதன் மூடி முழுக்க மெழுகு உருகி உருகிக் காய்ந்திருந்தது. நடுவில் ஒரு மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

நிமிர்ந்து பார்த்தாள். கத்தவில்லை, அழவில்லை. முறத்தைக் கீழே வைத்தாள். கையை நீட்டி முதலில் மெழுகுவர்த்தியை இரண்டு விரலால் கிள்ளி அணைத்தாள். அப்புறம்தான் எழுந்து வந்து என் முகத்தைத் தடவினாள். அவள் விரலில் சூடு அப்படியே இருந்தது.

அன்று மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே, முனுசாமி எந்தத் தேதியில் எப்படிப் போனான் என்று சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எத்தினி மணிக்கு?"

"காலைல ஆறரை இருக்கும். ஏம்மா?"

"சும்மாதான்" என்று குழம்பை ஊற்றினாள்.

பாதியில் போய் நில்

இப்போது கல்லறைக்கே திரும்பி வருகிறேன்.

பட்டாளத்தை விட்டு வந்தபின் எனக்கு எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்திருந்தது. அங்கேயும் டெலிபோன் கம்பிதான். "என்ன வேலை தெரியும்?" என்று கேட்டார்கள். "செத்த கம்பியைக் கண்டுபிடிப்பேன்" என்றேன். உடனே எடுத்துக்கொண்டார்கள். வயல் வரப்பில் கற்றது இரும்புத் தூண்களுக்கு நடுவிலும் செல்லுபடியானது. ஒரே வித்தியாசம், இங்கே மதியம் கேன்டீனில் சாம்பார் சாதம் கிடைத்தது.

நீளமான கம்பியில் பழுது எங்கே என்று ஒரு முனையிலிருந்து தடவிக்கொண்டே போகக் கூடாது. பாதியில் போய் நிற்க வேண்டும். இரண்டு பக்கமும் பேசிப் பார்க்க வேண்டும். எந்தப் பக்கம் பதில் இல்லையோ அதில் மறுபடியும் பாதி. நானும் அதைத்தான் செய்தேன். ஒரு முனையில் பட்டியலை வாசித்த சாமியார். இன்னொரு முனையில் சீட்டுப் போட்ட ஆள். நடுவில் கோயில்பிள்ளை தாமஸ் அண்ணன்.

அடுத்த நாள் ஷிப்டு முடிந்து நேராகக் கோயிலுக்குப் போனேன்.

"வாடா ஹாஜிரு!" என்றார். ஒரே நாளில் பெயர் வைத்துவிட்டார்கள்.

"சீட்டெல்லாம் கீதா, எரிச்சிட்டீங்களா?"

"மாசம் முடியற வரிக்கும் பீடத்தாண்டதான் வெச்சிருப்போம். இன்னாத்துக்கு?"

"என்னிய சாவடிச்சவன் கையெழுத்த பாக்கணும்."

அவர் கொஞ்சம் தயங்கினார். அப்புறம் பெட்டியைக் கொண்டுவந்து பெஞ்சில் கவிழ்த்தார். நோட்டுத் தாள், சிகரெட் அட்டை, காலண்டர் கிழிசல், பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் என்று விதவிதமான சீட்டுகள். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். என் சீட்டு ஒரு தீப்பெட்டி லேபிளின் பின்பக்கத்தில் இருந்தது. அழகான, சாய்வில்லாத கையெழுத்து. மூன்று வரி.

கப்பல்காரர் லாசர்.
படைவீரர் சூசைராஜ்.
படைவீரர் முனுசாமி.

மூன்றாவது வரியைப் பார்த்ததும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். புழல் ஏரிக்கரை முனுசாமி, திருத்தணி முருகனுக்கு மொட்டை போட்டவன், எங்கள் ஆத்துமாக்களோடு சேர்ந்து உட்கார்ந்திருந்தான். அவனைப் பற்றி ராயபுரத்தில் தெரிந்தவள் ஒருத்திதான்.

ஆனால் அம்மாவுக்கு எழுதத் தெரியாது. தாமஸ் அண்ணன் பெட்டியை மூடிக்கொண்டே, "இந்தக் கையெழுத்துல மூணு வருசமா வருது. நீ ஊர்ல இல்லியா, யாரும் கண்டுக்கல. அன்னம்மாதான் கொண்ணாந்து போடும். நான் இன்னான்னு கேக்கறது?" என்றார்.

அம்மா சொன்னது

வீட்டில் அம்மா வேலையிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். தலைமுடியில் ஒரு தீக்குச்சி சிக்கியிருந்தது. அதை எடுத்துக்கொண்டே, தாமஸ் அண்ணனிடம் கேட்டு வாங்கிவந்த சீட்டை நீட்டினேன். அவள் மறைக்கவில்லை.

"ஆமா, நான்தான். அதுக்கு இன்னா இப்ப?"

"நான் உசுரோட கீறேனேம்மா!"

"அதனாலதாண்டா போடறேன்."

புரியவில்லை என்றேன். தரையில் உட்கார்ந்தாள். என்னையும் உட்காரச் சொன்னாள்.

"பொட்டி வந்துச்சா. நான் ஒனக்குப் பூச வெச்சேன். அன்னிக்கிக் காலைல பூசைல ஒம் பேரச் சொன்னாங்க. ஆறு மணிப் பூச. முடியறப்போ ஆறர. நீ வந்து சொன்னியே, அந்தப் புள்ள போன நாளு, அதே நாளு. அதே நேரம். சாவு ஒன்னியத் தேடிகினுதான் வந்திருக்குது. இங்க ஒம் பேரு செத்தவங்களோட கீது. சரி, இவன் ஆயிட்டான்னு நெனச்சிகினு பக்கத்துல இருந்த புள்ளைய இட்டுகினு பூட்ச்சி. இப்ப நான் ஒம் பேர எடுத்தா அது மறுக்கா வந்து பாக்காதா?"

கொப்புளம் வந்த குதிகால், அவிழ்த்த பூட்ஸ் கயிறு, நீ குந்து என்ற குரல் எல்லாம் ஒரு நிமிஷம் வந்து போயின. இத்தனை நாள் அந்தக் காலையை நான் மட்டும்தான் சுமக்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

"அப்ப முனுசாமி பேரு?"

"ஒனக்கு வந்தது அந்தப் புள்ளைக்குப் போச்சி. அதுக்குக் கூடவா நான் வேண்டிக்கக் கூடாது?"

கல்யாணத்தைச் சொன்னேன். ஆரோக்கியம் சொன்னதைச் சொன்னேன். அம்மா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். கடைசியில், "கல்யாணம் இல்லாம எத்தினியோ பேர் கீறாங்க, சூச. நீ இருந்தா போதும்" என்றாள். இதற்குமேல் அவளோடு எப்படிப் பேசுவது?

யார் கை?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஆரோக்கியம் கோயில் வளாகத்து வேப்பமரத்தடியில் காத்திருந்தார். கூட பிலோமினா. அவளும் அதே தீப்பெட்டிக் கம்பெனியில் லேபிள் ஒட்டுகிற பிரிவில்தான் வேலை. அம்மா மூலமாகத்தான் சம்பந்தம் வந்தது. நான் அவளோடு அதுவரை பத்து வார்த்தை பேசியிருப்பேன்.

அம்மா எல்லாவற்றையும் ஆரோக்கியத்திடம் நேராகவே சொன்னாள். அவர் இரக்கப்படுகிற மனுஷன்தான். ஆனால் பயந்த மனுஷனும்கூட.

"நீ பெத்தவ, ஒனக்குப் பயம், அது சரி. ஆனா ஒனக்குத்தான் எயுதத் தெரியாதே. எயுதிக் குடுத்தது யாரு? உசுரோட கீறவன் பேர இதுல எயுதறதுக்கு ஒரு கை துணிஞ்சிதே, அந்தக் கை யாருது? அவங்க மனசுல இன்னா வெச்சிகினு எயுதனாங்களோ?"

அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். எழுதிக் கொடுத்தவரைக் காட்டிக்கொடுக்க மாட்டாள் என்று தெரிந்தது. எனக்கு அந்த ஆர்வக் காய்ச்சல் உச்சத்தில் இருந்தது.

"நான்தான் நைனா."

பிலோமினா சொன்னாள். ஆரோக்கியம் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். தாமஸ் அண்ணன் பூட்டிக்கொண்டிருந்த கதவை அப்படியே விட்டுவிட்டார்.

"கம்பெனில எயுதத் தெரியாதவங்களுக்கெல்லாம் நான்தான எயுதிக் குடுக்கறேன். பொட்டி வந்த அன்னிக்கு அன்னம்மாக்கா வந்து, பூசைக்குப் பேரு எயுதிக் குடுன்னு அயுதாங்க. யாரு எவருன்னு தெரியாது, நானும் அயுதுகினேதான் எயுதனேன். அப்பறம் உசுரோட வந்துட்டார்னு தெரிஞ்சிது. மறுக்கா எயுதச் சொன்னாங்க. ஏன்னு கேட்டேன், சொன்னாங்க. எயுதனேன். வருசா வருசம் எயுதனேன். என் மனசுல கெட்டது இன்னா கீது நைனா? எனக்கு அவர செத்தவராத்தான் மொதல்ல தெரியும்."

கடைசி வாக்கியத்தை என்னைப் பார்த்துச் சொன்னாள். உடனே கண்ணைத் திருப்பிக்கொண்டாள். அந்த நிமிஷம் எனக்கு அவளைப் பிடித்துப்போனது. பட்டாளத்தில் இருந்த ஏழு வருஷத்தில் எனக்காக அழுத அன்னியப் பெண் வேறு யாரும் இல்லை.

ஆரோக்கியம் தோள் துண்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டார்.

"சரி. நீ எயுதனது போவட்டும். ஆனா இந்தப் பேரு அதுல இருக்கக் கூடாது. இருந்தா நான் குடுக்க மாட்டேன். அவ்ளோதான்."

எல்லோரும் அம்மாவைப் பார்த்தோம். அவள் என்னைப் பார்த்தாள், பிலோமினாவைப் பார்த்தாள். இடுப்பில் சொருகியிருந்த சீட்டை எடுத்தாள்.

"அட்ச்சிடு பிலோ."

தாமஸ் அண்ணன் பேனா கொடுத்தார். பிலோமினா சீட்டைக் கோயில் சுவரில் வைத்து இரண்டாவது வரியின் மேல் ஒரு கோடு போட்டாள். அம்மா அந்தக் கோட்டைப் பார்க்கவில்லை. முகத்தை வேப்பமரத்துப் பக்கம் திருப்பிக்கொண்டு என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வலிக்கிற அளவுக்குப் பிடித்திருந்தாள்.

மூன்று ஓலை

எங்கள் கோயில்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்பார்கள். முதல் ஞாயிறு என் பெயரை வாசித்ததும் பின்வரிசையில் யாரோ தாழ்ந்த குரலில், "ஹாஜிர்" என்றார். ஆரோக்கியம் திரும்பி முறைத்தார். நான் முன்வரிசையில் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு கர்த்தருக்குத்தான் தெரியும்.

கல்யாணம் நடந்தது. அம்மா வெங்கலச் சொம்பு கவிழ்ந்தால்கூடத் திடுக்கிட்டாள்.

அந்த ஒரு வருஷம் அவள் பட்டதை நினைத்தால் எனக்கு இன்றும் சங்கடமாக இருக்கிறது. காலையில் மூன்று பேரும் ஒரே கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏறுவோம். அவர்கள் இருவரும் திருவொற்றியூரில் இறங்குவார்கள், நான் எண்ணூர் போவேன். சாயங்காலம் அவர்களுக்கு எனக்கு முன்னாலேயே வேலை முடிந்துவிடும். பிலோ அடுத்த ரயிலைப் பிடித்து வீட்டுக்குப் போய் உலை வைப்பாள். அம்மா போக மாட்டாள். திருவொற்றியூர் பிளாட்பாரத்திலேயே நிற்பாள். என் ரயில் வரும்போது ஒவ்வொரு பெட்டியாகப் பார்ப்பாள். கதவோரம் என் தலை தெரிந்த பிறகுதான் ஏறுவாள். ஏறியதும் ஒன்றும் கேட்க மாட்டாள். "கம்பத்துல ஏறனியா இன்னிக்கு?" என்று மட்டும் கேட்பாள். ஏறினாலும் இல்லை என்பேன். கேலிகூடச் செய்திருக்கிறேன். செய்திருக்கக் கூடாது.

அடுத்த கல்லறைத் திருநாளில் லாசர், முனுசாமி என்று இரண்டு பெயர்தான் வந்தது. நடுவில் ஓர் இடைவெளி இருப்பதாக அம்மா மட்டும் கேட்டாள். அன்று முழுக்க என்னை வெளியே விடவில்லை.

நான் சாகவில்லை. மின்சாரம் அடிக்கவில்லை, ரயிலில் விழவில்லை. மெல்ல மெல்ல அவள் பிளாட்பாரத்தில் நிற்பது குறைந்தது. அப்படியெல்லாம் பயந்த அம்மா, சில வருஷம் கழித்து ஒரு மழைக்காலக் காய்ச்சலில் நான்கே நாளில் போய்விட்டாள். கடைசி நாள் பிலோவை மட்டும் பக்கத்தில் உட்காரவைத்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். சமையலறைச் சாமான் எது எங்கே என்று சொல்கிறாள் என நினைத்தேன். கேட்காமல் விட்டேன். என் வாழ்க்கையில் நான் விசாரிக்காமல் விட்டது அது ஒன்றுதான்.

அந்த நவம்பரில் சீட்டை நானே எழுதினேன். லாசர், அன்னம்மா, முனுசாமி. பெட்டியில் போட்டேன்.

கல்லறையில் அதே சுண்ணாம்பு வாசனை. அம்மாவின் சிலுவை புதிது. பிலோ பக்கத்தில் முக்காடு போட்டு நின்றாள், இடுப்பில் எங்கள் பெண் குழந்தை. பெயர்கள் வந்தன. கப்பல்காரர் லாசர். அன்னம்மா. படைவீரர் முனுசாமி. சிலுவை போட்டுக்கொண்டேன். வேறு வீடுகளின் பெயர்கள் வந்துகொண்டிருந்தன. நான் செருப்பில் ஒட்டிய சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"படைவீரர் சூசைராஜ்."

மெதுவாகத் திரும்பிப் பார்த்தேன். பிலோ என்னைப் பார்க்கவில்லை. அம்மாவின் சிலுவையையே பார்த்துக்கொண்டு, நிதானமாகக் கையை நெற்றிக்குக் கொண்டுபோய்ச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

இந்த முறை நான் கத்தவில்லை. அவள் காதில் மட்டும் விழுகிற மாதிரி, "ஹாஜிர்" என்றேன்.

"தெரியும்" என்றாள். "சும்மா நில்லுயா."